இது அந்த ஆபத்து இல்லை

மனிதர்களில் ‘ஆயத்தக்காரர்’ என்று ஒரு இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். மழைக்கு முன்பே குடையை விரித்துப் பார்த்து வைக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அது வெறும் முன்ஜாக்கிரதை, அதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. இவர் வேறு ரகம். நல்ல குடையாக நாலு கடை ஏறி இறங்கி வாங்கி, நனைந்தால் கம்பி துருப்பிடிக்கும் என்று அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் தெப்பலாக நனைந்து வீடு வந்து சேர்ந்து, “குடைக்கு ஒண்ணும் ஆகல” என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்கிற ரகம்.

இதை எழுதுகிறவன் இந்த இனத்தில் ஒருவரை முதன்முதலில் சந்தித்தபோது அவருடைய கால்களை மட்டும்தான் பார்த்தான். மீதி உடம்பு ஒரு மளிகைக் கடையின் பிஸ்கட் அலமாரிக்குள் இருந்தது. கடை ஆள்தான் சரக்கு அடுக்குகிறார் என்று எண்ணி, ஒரு பாக்கெட்டை நீட்டி, “அண்ணே, இது எவ்வளவு?” என்று கேட்டான். உள்ளேயிருந்து ஒரு கை வந்து பாக்கெட்டை வாங்கியது. குப்புறத் திருப்பியது.

“ஏழு மாசம்.”

“விலையைக் கேட்டேன்.”

“விலை கிடக்கட்டும் தம்பி. ஏழு மாசந்தான் தாங்கும். முன்னாடி அடுக்கியிருக்கிறது எல்லாம் பழசு, கடைக்காரன் நம்ம தலையில கட்டறதுக்கு வச்சிருக்கான். இருங்க, பின்வரிசையில பதினொரு மாசம் ஒண்ணு கண்ணுல பட்டுது. எடுத்துத் தர்றேன்.”

எடுத்தும் கொடுத்தார். தலையில் ஒட்டடை. முகத்தில் முத்தெடுத்தவரின் களை.

பிறகுதான் தெரிந்தது, எழுதுகிறவன் வாடகைக்குப் பிடித்திருந்த மொட்டைமாடி அறைக்கு நேர் கீழே, முதல் மாடியில்தான் அவர் குடியிருந்தார் என்று. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்துக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாகக் காப்பாளர். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ‘கிடங்கார்’. மனைவி உண்டு. கல்லூரியில் படிக்கிற ஒரே மகள் உண்டு. கட்டிலுக்கு அடியில் நீல நிறத்தில் ஒரு தகரப் பெட்டியும் உண்டு. இந்த மூவரில் அவர் தினமும் குனிந்து நலம் விசாரிப்பது யாரை என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அதுதான் ஆபத்துப் பெட்டி. வெள்ளமோ புயலோ பூகம்பமோ, அடுப்பு எரியாத, கடை திறக்காத மூன்று நாள் வந்தால், மூன்று பேர் உயிர் பிழைக்கத் தேவையான தின்பண்டம் அதற்குள் இருந்தது. நல்ல யோசனைதான், யார் இல்லையென்றார்கள்? கஷ்டமெல்லாம் அந்தத் தின்பண்டத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஆரம்பமாகும்.

கிடங்கார் தின்பண்டம் தேர்ந்தெடுப்பதைப் பார்த்தவர்கள் மாப்பிள்ளை பார்ப்பதை இவ்வளவு சுலபமாக முடிக்கிறார்களே என்று ஆச்சரியப்படுவார்கள். சாக்லெட்டா? வெயிலுக்கு உருகும், வேண்டாம். சிப்ஸா? முக்கால் பாக்கெட் காற்று. காற்றைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக் காப்பாற்ற அவருக்குப் பைத்தியமா? உப்பு போட்ட கடலை தாகம் எடுக்கவைக்கும், தாகம் எடுத்தால் தண்ணீர் செலவாகும். உப்பில்லாத கடலை நாலாம் மாதம் சிக்கு வாடை அடிக்கும். கிரீம் பிஸ்கட்டில் கிரீமுக்கு ஒரு ஆயுசு, பிஸ்கட்டுக்கு ஒரு ஆயுசு, இரண்டையும் சேர்த்துக் கட்டிவைத்தவன் யாரோ தெரியவில்லை. பேரீச்சம்பழத்தின் மீதும் உலர்ந்த திராட்சையின் மீதும் மட்டும் அவருக்குத் தனி மரியாதை. “அது ஏற்கெனவே காஞ்சு போனது. இனிமே அதுக்கு ஆகறதுக்கு என்ன இருக்கு?” என்பார், பற்றற்ற ஒருவரைப் பற்றிப் பேசுகிற குரலில்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பொன்விதி இருந்தது. வீட்டில் யாருக்காவது பிடித்துப்போன பண்டம் பெட்டிக்கு ஆகாது. பிடித்தால் கை போகும், கை போனால் இருப்பு குறையும். அதனால் மகள் முகம் சுளிக்கிற பிஸ்கட்டாகப் பார்த்து இரண்டு டஜன் எடுப்பார். மனைவிக்கு முந்திரிப்பருப்பு உயிர். அவள் பத்து வருஷம் கெஞ்சிய பிறகு, ‘சத்து’ என்ற ஒரே காரணத்துக்காக, முந்திரிக்கு இரண்டு டப்பா இடம் கொடுத்தார். கொடுத்து, பூட்டினார்.

இத்தோடு நின்றிருந்தால் அவரை மன்னித்திருக்கலாம். கிடங்கிலிருந்து ஒரு சட்டத்தையும் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்: எது முதலில் காலாவதியாகிறதோ அது முதலில் வெளியே போகவேண்டும். ஆஸ்பத்திரிக்கு அது உயிர் காக்கிற சட்டம். வீட்டுக்கு வந்ததும் அது என்ன செய்தது பாருங்கள். புதிதாக வாங்குகிற பாக்கெட் நேரே பெட்டிக்குள் போகும். பெட்டியில் கடைசி வாரத்தை எண்ணிக்கொண்டிருக்கிற பாக்கெட் தட்டுக்கு வரும். ஆக, வாரம் தவறாமல் பிஸ்கட் வாங்குகிற அந்த வீட்டில், பதினைந்து வருஷமாக யாரும் புது பிஸ்கட்டைத் தின்றதில்லை.

பிஸ்கட் என்றால் மெத்தென்று இருக்கிற பண்டம் என்றே மகள் நினைத்து வளர்ந்தாள். சிநேகிதி வீட்டில் ஒருநாள் ஒன்றைக் கடித்தபோது ‘மொறுக்’கென்று சத்தம் வர, பல்தான் உடைந்துவிட்டது என்று வாயைப் பொத்திக்கொண்டு கண்ணாடியைத் தேடி ஓடினாளாம்.

கிடங்காருக்கு இன்னொரு நம்பிக்கை, எல்லா நம்பிக்கைக்கும் தலையாயது: சரக்கு பொய் சொல்லும், அட்டை சொல்லாது. பெட்டியின் மூடியில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். எந்தப் பண்டம், எத்தனை, எந்தத் தேதியில் காலாவதி என்று வரிசையாக மகளின் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கும். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது என்பதால் அந்தப் பொறுப்பு மகளிடம். கிடங்கில் ஒருமுறை அட்டையில் நாற்பது புட்டி என்றும் அலமாரியில் முப்பத்தொன்பது என்றும் இருந்ததாம். அட்டையை ஒருமுறை பார்த்தார், அலமாரியை ஒருமுறை பார்த்தார், “அலமாரி தப்பா இருக்கு” என்றார். கடைசியில் ஒரு புட்டி அலமாரிக்குப் பின்னால் உருண்டு கிடந்தது. அன்றைக்கு அவருக்கு ஏறிய தெம்பு இன்னும் இறங்கவில்லை.

சரி, காலாவதிக் கணக்குக்கு இல்லாமல் பசிக்காகப் பெட்டி எப்போது திறக்கும்? ஆபத்து வந்தால். ஆபத்து எப்போது வரும்? அதுதான் வரவே இல்லையே! இரண்டு நாள் விளக்கு இல்லாமல் தெருவே இருண்டபோது, “இது மின்வெட்டு” என்றார். வேலைநிறுத்தத்தில் மூன்று நாள் கடைகள் அடைத்துக் கிடந்தபோது, “இது வேலைநிறுத்தம்” என்றார். மனைவி காய்ச்சலில் விழுந்து, சமைக்க ஆளில்லாமல் அப்பாவும் மகளும் காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றபோது, மகள் கட்டிலுக்கு அடியில் ஏக்கமாகப் பார்த்தாள். “இது காய்ச்சல்மா. இது அந்த ஆபத்து இல்லை” என்றார் கிடங்கார்.

பிறகு அந்த வெள்ளம் வந்தது.

விடாமல் பெய்த மழையில் ஏரி உடைந்து, ஒரே காலையில் தெருவில் தண்ணீர் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. கீழ்வீட்டில் குடியிருந்த தையல்காரப் பெண் தையல் இயந்திரத்தின் தலையைக் கழற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர்களின் துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மாடி ஏறி வந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். லாரி ஓட்டுகிற புருஷன் வெளியூரில் மாட்டிக்கொண்டுவிட்டான். கிடங்கார் பாதிப் படி இறங்கிப்போய் இயந்திரத்தை வாங்கிக்கொண்டார். துவட்டத் துண்டு கொடுத்தார். தன் கட்டிலையே அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தரையில் பாய் விரித்துக்கொண்டார். கல்நெஞ்சக்காரர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பெட்டி விஷயம் வேறு, அவ்வளவுதான்.

முதல் நாள் சோறு இருந்தது. இரண்டாம் நாள் காலையில் உலை கொதிக்கிற நேரத்தில் காஸ் தீர்ந்தது. ஆயத்தக்காரர் வீட்டில் இன்னொரு சிலிண்டர் இல்லாமலா இருக்கும் என்று கேட்பீர்கள். இருந்தது. கீழே, மாடிப்படிக்கு அடியில், இரும்புக் கூண்டுக்குள், பூட்டுப் போட்டு, ஐந்தடித் தண்ணீருக்குள் மிகப் பத்திரமாக இருந்தது.

அரைவேக்காட்டில் நின்றுபோன சோற்றை நாலு பேரும் ஆளுக்கு இரண்டு வாய் மென்று பார்த்துவிட்டு வைத்தார்கள். எழுதுகிறவனும் தன் பங்குக்கு மேலேயிருந்து அரை ரொட்டி கொண்டுவந்து கொடுத்தான். அது தையல்காரப் பெண்ணுக்கே போதவில்லை. படகு வரும் என்று யாரோ எதிர்மாடியிலிருந்து கத்தினார்கள். மத்தியானமாகியும் வரவில்லை. மனைவி ஒருமுறை கட்டிலைப் பார்த்தாள், ஒருமுறை கணவரைப் பார்த்தாள்.

“ஏங்க.”

“தெரியும். என்ன கேக்கப் போறேன்னு தெரியும்.”

“தெரிஞ்சா சாவியை எடுங்க.”

“தண்ணி இன்னும் ஏழாவது படியிலதான் நிக்குது. நான் ஒன்பதாவது படியில சாக்பீஸ்ல கோடு போட்டு வச்சிருக்கேன். அதைத் தொட்டாத்தான் ஆபத்து. இப்ப அவுத்துக் கொட்டிட்டா, தொட்டப்புறம் என்ன பண்றது?”

“அந்தப் பொண்ணு வயித்துல இருக்கறதுக்கு உங்க ஒன்பதாவது படி தெரியுமாங்க?”

“மூணு பேருக்கு மூணு நாள்னு போட்ட கணக்கும்மா அது. மாடித் தம்பியோட சேத்து இப்ப நாம அஞ்சு பேர். பிரிச்சா ரெண்டு நாள் கூட வராது.”

இதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஒரே அறையில் மெதுவாகப் பேசி என்ன பிரயோஜனம்? கட்டிலில் படுத்திருந்த தையல்காரப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“எனக்கு ஒண்ணும் வேணாம்க்கா. பசியே இல்ல. தண்ணி மட்டும் கொஞ்சம் குடுங்க.”

அவள் தலைக்கு நேர் கீழே, ஒரு பலகை தள்ளி, இருபத்து நாலு பாக்கெட் பிஸ்கட்டும் இரண்டு டப்பா முந்திரியும் மூன்று டப்பா பேரீச்சம்பழமும் பத்திரமாக இருந்தன.

கிடங்கார் மறுபடி படி இறங்கிப்போய்க் கோட்டைப் பார்த்துவிட்டு வந்தார். மணிக்கொருதரம் போனார். ஏழாவது படிதான் என்று தெரிந்து திரும்பும்போது அவர் முகத்தில் இருந்தது நிம்மதியா, ஏமாற்றமா என்று சொல்ல முடியவில்லை. சிரிக்காதீர்கள். அவர் பயம் வெறும் பயமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கையில் மருந்துச் சீட்டோடு மூச்சிரைக்க ஓடிவந்த ஒருவரிடம் “இருப்பு இல்லை” என்று சொன்னவர் அவர். அந்த ஆள் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிப்போனாராம். அன்றிலிருந்து, காலி அலமாரி என்றால் கிடங்காருக்கு அந்த மடித்த சீட்டு ஞாபகம் வரும். அந்த ஞாபகத்துக்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம், அலமாரியை யாருக்கும் திறக்காமல் இருப்பது.

தண்ணீர் வாங்க எழுந்த தையல்காரப் பெண் சுவரைப் பிடித்தாள். பிடி கிடைக்கவில்லை. மனைவி ஓடிப்போய்த் தாங்கி உட்காரவைத்தாள். பெண்ணின் உதடு வெளுத்திருந்தது, கை சில்லிட்டிருந்தது.

“பூட்டை உடைக்கிறேன்” என்றாள் மனைவி. கத்தவில்லை. அந்தக் குரலை இருபது வருஷத்தில் அவர் கேட்டதில்லை.

“உடை” என்றார் அவர், கதவை மறித்து நிற்பவர் போலக் கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டு. “உடைச்சுக் குடு. நாளைக்கு இதைவிட மோசமா வரும். அப்ப அந்தப் பொண்ணு கேக்கும், உன் பிள்ளை கேக்கும். இல்லைன்னு நீ சொல்லு. என்னால இன்னொரு தடவை சொல்ல முடியாது.”

அவர் கண் கலங்கியிருந்தது. இப்படிப்பட்டவர்களோடு சண்டை போடுவதில் இதுதான் சங்கடம்: முட்டாள்தனத்தைப் பிடித்து இழுத்தால், அதன் வேர் நல்ல இடத்தில் போய் நிற்கும்.

மறுபடி படியைப் பார்க்கப் போனார். அவர் தலை மறைந்ததும் மகள் எழுந்தாள். புத்தகப் பையிலிருந்து ஒரு வெற்று அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தாள். அம்மா பார்த்தாள். வாசல் பக்கம் போய், கணவர் ஏறிவருகிற வழியை மறைத்து நின்றுகொண்டு, தேவையே இல்லாமல் கொடியில் கிடந்த துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

கிடங்கார் திரும்பி வந்தபோது மகள் கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள்.

“அப்பா, பெட்டியில ஈரம் ஏறியிருக்கான்னு பாத்தேன்.”

“நல்ல பிள்ளை. ஏறியிருக்கா?”

“ஈரம் இல்லப்பா. ஆனா தேதி...”

“என்ன தேதி?”

“எல்லாம் இன்னைக்கோட முடியுது.”

கிடங்கார் முட்டி போட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். பிஸ்கட், இன்றைய தேதி. பேரீச்சம்பழம், இன்றைய தேதி. முந்திரி, இன்றைய தேதி. முத்து முத்தான கையெழுத்து.

“எனக்கு அடுத்த வருஷம்னு இல்ல ஞாபகம்?”

“அட்டையில இன்னைக்குன்னுதானேப்பா இருக்கு.”

ஞாபகத்துக்கும் அட்டைக்கும் தகராறு வந்தால் எது ஜெயிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். தலையில் இடி விழுந்தவர் போலக் கிடங்கார் கூவினார்.

“அய்யய்யோ! இன்னைக்குள்ள தீர்க்கணுமே! ஏம்மா, தட்டு எடு! தம்பி! மாடித் தம்பி! உடனே கீழ வாங்க!”

எழுதுகிறவன் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தான். வந்தவன் கையில் ஒரு பாக்கெட் திணிக்கப்பட்டது. “நிக்காதீங்க தம்பி, சாப்பிடுங்க, நேரமாகுது!” வெள்ளத்துக்குத் திறக்காத பெட்டி, பசிக்குத் திறக்காத பெட்டி, மயங்கி விழ இருந்தவளுக்குத் திறக்காத பெட்டி, தேதிக்குத் திறந்துவிட்டது. ஜன்னல் வழியாக எதிர்மாடிக்கு ஆறு பாக்கெட் வீசினார். ஒன்று தண்ணீரில் விழுந்தபோது “கணக்குல எழுதிக்கோ, சேதாரம் ஒண்ணு” என்று மகளிடம் சொன்னார். தையல்காரப் பெண்ணின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேரீச்சம்பழத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

“போதும்ணா.”

“போதும்னா எப்படிம்மா? இன்னும் ரெண்டு டப்பா இருக்கு.”

“வயிறு நெறஞ்சுடுச்சுண்ணா.”

“உன் வயிறு நெறஞ்சுது. அந்த ஆளோட பங்கு? நீ ரெண்டு பேர். கணக்குன்னா கணக்கா இருக்கணும்.”

அவள் சிரித்துவிட்டாள். உதட்டில் சிவப்பு திரும்பியிருந்தது.

அறை முழுக்க ஒரு சத்தம். மொறுக், மொறுக், மொறுக். அந்த வீட்டுச் சுவர்கள் கேட்டறியாத சத்தம். மனைவி ஒரு முந்திரியை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மெல்லவே இல்லை, வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள். கடைசியாகக் கிடங்கார் ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். கடித்தவர் நிறுத்தினார். மீதியைக் கையில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“என்ன இது, இப்படி மொறுமொறுன்னு இருக்கு? காலாவதி ஆகிற அன்னைக்கு இப்படி ஆயிடுமா?”

“ஆமாங்க” என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே. “நாமதான் ஒரு வாரம் முன்னாடியே அவசரப்பட்டுத் தின்னுடறோம்.”

சாப்பிட்டு முடித்ததும் காலி உறைகளை நீவி, மடித்து, எண்ணி வைப்பது கிடங்காரின் வழக்கம். ஒன்றை நீவும்போது அடியில் அச்சிட்ட தேதி கண்ணில் பட்டது. அடுத்த வருஷத் தேதி. மகள் மீதி உறைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவர் உறையைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி உறையைப் பார்த்தார்.

“கம்பெனிக்காரனுக்கு ஒரு தேதி ஒழுங்கா போடத் தெரியல” என்றார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, உறையில் இருந்த தேதியை அடித்துவிட்டு, அட்டையில் இருந்த தேதியை எழுதினார்.

சாயங்காலம் தண்ணீர் ஆறாவது படிக்கு இறங்கியது. மறுநாள் காலை படகு வந்தது. ஒன்பதாவது படிக் கோட்டைத் தண்ணீர் தொடவே இல்லை. “பாத்தியா, நான் சொன்னேன்ல? இது அந்த ஆபத்து இல்லை” என்று கிடங்கார் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சிரித்தாயிற்றா? நல்லது. இப்போது எழுந்துபோய் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். முக்கியமான யாராவது வந்தால் விரிக்கலாம் என்று மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிற படுக்கை விரிப்பு எங்கே இருக்கிறது? எடுத்தால் உடையும் என்று எடுக்காமலே வைத்த கண்ணாடிக் கோப்பைகள் ஆறும் பத்திரமா? போன பிறந்தநாளுக்கு வந்த சென்ட் பாட்டிலில் பாதி தானாகவே ஆவியாகிவிட்டதே, ஒருநாளாவது உங்கள் மேல் மணந்ததா? நல்லதையெல்லாம் எந்த நாளுக்காகவோ பூட்டிவைத்துவிட்டு, நமுத்துப்போனதை மென்றுகொண்டு, “இது அந்த நாள் இல்லை” என்று இதுவரை எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? உங்கள் சாக்பீஸ் கோடு எத்தனையாவது படியில் இருக்கிறது?

தையல்காரப் பெண்ணுக்கு மகள் பிறந்து ஒன்றரை வருஷமாகிறது. பல் முளைத்ததும் முதலில் கடித்தது பேரீச்சம்பழம். கிடங்காரின் மகள் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டாள், அட்டை எழுத மட்டும் மாதம் ஒருமுறை வருகிறாள். அவள் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒன்று அன்றைக்கே காலாவதியாகிவிடுகிறது, பெரும்பாலும் முந்திரி. கிடங்கார் அதே கட்டிலில் படுக்கிறார். பெட்டி அதே இடத்தில் இருக்கிறது. பூட்டு புதியது.